மறியல் பண்ணினேன்

என்னை எல்லோரும் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அது அரசாங்கம் கொடுக்கிற ஒரு பட்டம்; நான் முதலியார் இல்லை. கோர்ட்டிலே சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்திலும், நீதவான் ஆங்கிலத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழிலும் மாற்றிச் சொல்கிற துவிபாஷகன். பெயர் தேவராசா. அதிலும் நான் நிரந்தர உத்தியோகத்தன் அல்ல. மூன்று வருடமாகப் பதில் கடமை. என்னை நிரந்தரமாக்கும் கடதாசி எந்த மேசையில் எதற்குக் கீழே கிடந்ததோ தெரியாது. ஆனாலும் கோர்ட்டு வாசலில் சனம் கைகட்டி நின்று முதலியார் என்றால் நான் ஒருநாளும் திருத்தியதில்லை. இல்லாத பட்டத்தைக் காதில் வாங்கிக்கொண்டு நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பொன்னையா செய்த குற்றமும் ஏறக்குறைய இதுதான்.

பொன்னையா ரயில்வே வாச்சர். கண்டியிலிருந்து வத்தேகமப் பக்கம் போகிற பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் பெயர் வேண்டாம். எங்கள் கோர்ட்டின் பெயரும் வேண்டாம். நடந்தது 1931ஆம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்ட வைகாசியில். இலாகா அவருக்கு ஒரு காக்கிக் கோட்டும் தோல் பெல்ட்டும், நெஞ்சில் குத்திக்கொள்ள இலக்கம் போட்ட ஒரு பித்தளை வில்லையும், ஒரு குறுந்தடியும் கொடுத்திருந்தது. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்கிற மனிதனைப் போர்ட்டர்மார் சும்மா விடுவார்களா? ராளஹாமி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சிங்களத்தில் பொலிஸ்காரரை மரியாதையாக அழைக்கிற சொல் அது. பொன்னையாவும் திருத்தவில்லை.

அவர் பொலிஸ் இல்லை. இலாகா அவருக்குக் கொடுத்திருந்த அதிகாரம் ஒன்றே ஒன்று. சாமான் கொட்டகையிலிருந்து ஒரு பொருள் சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்டப் பார்த்தால், அந்தப் பொருளை அவர் நிறுத்தலாம். பொருளை மட்டும். ஆளை நிறுத்திவைப்பதென்றால் பொலிஸ் வரவேண்டும். கண்ணெதிரே களவெடுக்கிறவனை யாரும் பிடிக்கலாம் என்பது வேறு. அது உங்களுக்கும் எனக்கும் உள்ள உரிமை, அதற்குப் பித்தளை வில்லை தேவையில்லை.

அந்த வைகாசியில் ஒரு காலை, தோட்டமொன்றில் கிளாக்கராக இருக்கிற செல்லப்பா அந்த ஸ்டேஷனுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தகரப் பெட்டி ஒன்று சாமான் ரயிலில் வந்து கொட்டகையில் கிடந்தது. பெட்டிக்குள் அவருடைய காணி உறுதிப் பத்திரம். அதை எடுத்துக்கொண்டு ஒன்பது மணி ரயிலில் கண்டிக்குப் போய், நொத்தாரிசிடம் கையெழுத்து வைத்து, காணியை விற்கவேண்டும். வாங்குகிறவர் அன்று மாலை கொழும்புக்குப் போகிறவர். பெட்டிக்குரிய சீட்டு தபாலில் வந்து சேரவில்லை. ஆனால் பெட்டியின் மூடியில் தன் பெயர் வெள்ளைப் பெயின்றால் எழுதியிருக்க, சீட்டு எதற்கு என்று செல்லப்பா நினைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போகும் கேட்டுக்கு வந்தார். அங்கே பொன்னையா நின்றார்.

ரயில் போய்விட்டது. காணியும் கைமாறவில்லை. செல்லப்பா ஒன்றரை மணி நேரம் விளக்குகள் வைக்கிற அறையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். வெளியே போயிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் வந்து ஏட்டைப் பார்த்து, பெட்டி இவருடையதுதான் என்று கொடுத்தனுப்பினார். செல்லப்பா நேரே கோர்ட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி பளீலிடம் போய்ப் பிராது எழுதினார்: தன்னைச் சட்டத்துக்கு மாறாக அடைத்து வைத்ததாக. குற்றம் உறுதியானால் பொன்னையாவுக்குச் சிறை. அபராதத்தோடு போனாலும் வேலை போகும். அந்தச் சம்பளத்தை நம்பி, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிற மஹய்யாவயில் ஒரு மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். இலாகா, இது வாச்சரின் சொந்த விவகாரம் என்று எழுதி ஒதுங்கிக்கொண்டது. அவருக்குப் பிரக்கிராசி வைக்க யாரும் இல்லை. கூண்டிலே அவருக்கு இருந்த ஒரே வாய் என் வாய்.

அந்த வாய் விசாரணை நாளன்று எரிச்சலில் இருந்தது. காலையிலிருந்து ஆறு வழக்கு. சப்பாத்துக்குள் தண்ணீர். எனக்கு மழையும் பிடிக்காது, கேட்டதற்கு நேரே பதில் சொல்லாத சாட்சிகளையும் பிடிக்காது. செல்லப்பா ஆங்கிலத்திலேயே சாட்சி சொன்னார், எனக்கு வேலை வைக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அவர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்; மறைப்பானேன்.

பிறகு பொன்னையா ஏறினார். பளீல் எழுந்து முதல் கேள்வியாக, நீ பொலிஸ் உத்தியோகத்தனா என்று கேட்டார். நான் அதைத் தமிழாக்கினேன். பொன்னையா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எல்லாரும் ராளஹாமின்னுதாங்க கூப்பிடுவாங்க" என்றார்.

நான் அதைச் சொன்னபோது நீதவான் பேனாவை நிறுத்தி அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வழக்கு ஒருபக்கம் சாயத் தொடங்குகிற பார்வை அது. பளீல் இரண்டாவது கேள்வியைப் போட்டார்: செல்லப்பா பெட்டியோடு கேட்டுக்கு வந்தபோது நீ என்ன செய்தாய்?

பொன்னையா நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்கு அவர் வீட்டிலிருந்தே ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது அவர் தொண்டையைச் செருமிய விதத்திலேயே தெரிந்தது. துரைக்கு முன்னால் சொல்வதற்கென்று நல்ல சொல்லாகத் தேடி வைத்திருக்கிறார்.

"சீட்டு இல்லைன்னாருங்க. கேட்லயே நின்னு மறியல் பண்ணினேங்க."

எங்கள் யாழ்ப்பாணத்தில் மறியல் என்றால் சிறைச்சாலை. மறியலுக்குப் போனவன் என்றால் ஜெயிலுக்குப் போனவன். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'அவரைச் சிறை வைத்தேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீதவான் அதை எழுதினார். பளீல் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு பிரக்கிராசி இரண்டே கேள்வியோடு உட்காருவதை நான் அதற்கு முன்னே கண்டதில்லை.

நீதவான் வேறேதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். சாரல் அடித்ததால் கதவைச் சாத்தியதைப் பற்றிப் பொன்னையா என்னவோ சொன்னார். நானும் சொன்னேன். நீதவான் அதை எழுதவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டான், தீர்ப்பு வருகிற வியாழக்கிழமை என்று ஏட்டை மூடினார்.

வெளியே விறாந்தையில் பொன்னையாவின் மனைவி யசோதா நின்றாள். கோர்ட்டுக்குள் பின்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள். ஆங்கிலம் தெரியாது, ஆனால் முகம் பார்க்கத் தெரியும். என் வழியில் வந்து நின்று, கைகூப்பிக் கேட்டாள்.

"அவரு சொன்னத ஐயா தொரைகிட்ட என்னான்னு சொன்னீங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் சொன்னதைத்தான் சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன். அவள் சரிங்க என்று விலகினாள். பாதி வழி வரைக்கும் அந்தக் கோபம் என்னோடு வந்தது. மூன்று வருடமாகக் கோர்ட்டில் நிற்கிறேன், ஒருவரும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

சனிக்கிழமை வெங்காயம் வாங்க முஹ்ஸினுடைய கடைக்குப் போனேன். முஹ்ஸின் பெரிய கடைக்காரர் இல்லை. அவருடைய மச்சான் தூத்துக்குடிக்குப் போய்வருகிற வியாபாரி. அவர் கொண்டுவருகிற பழைய இந்தியப் பத்திரிகைகளில்தான் சாமான் சுற்றிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, கசங்கின தாளைச் சும்மா நீவிப் பார்த்தேன். நான் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவன் இல்லை. அரசாங்க உத்தியோகத்தனுக்கு அரசியல் எதற்கு என்று ஆங்கிலப் பத்திரிகை மட்டும் பார்ப்பேன், அதிலும் நியமனங்களும் மாற்றங்களும் வருகிற பக்கத்தை. தாளில் பெரிய எழுத்தில் 'கள்ளுக்கடை மறியல்' என்று இருந்தது. ஊரின் பெயர் கிழிந்துபோயிருந்தது. கீழே: 'பெண்கள் கடை வாசலில் நின்று மறியல் செய்தனர்.'

கடை வாசலில் நின்றுகொண்டு எப்படிச் சிறை செய்வது? இரண்டாம் முறை வாசித்தேன். மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மழையைப் பாராமல் திரும்பவும் கடைக்குப் போனேன். வெங்காயம் அழுகலா என்று முஹ்ஸின் கேட்டார். நான் தாளை அவருக்கு முன்னால் வைத்து, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றேன். அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். பிறகு நான் பகிடி விடவில்லை என்று கண்டுகொண்டார்.

"உங்கட ஊர்ல மறியல் எண்டா ஜெயில்தான், முதலியார். இந்தியாவுல அப்பிடி இல்ல. வாசல்ல குறுக்கால நிண்டு, தாண்ட உடாம தடுக்கிறது. இஞ்ச மஹய்யாவ ஆக்களும் இப்ப அப்பிடித்தான் சொல்லுறாங்க."

பிக்கெட்டிங். ஆங்கிலத்தில் நூறு தடவை வாசித்திருக்கிறேன். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தமிழ் தெரியும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளமே.

பொன்னையா சொன்னது கேட்டில் குறுக்கே நின்று தடுத்தேன் என்று. அவ்வளவுதான். 'மறிச்சேன்' என்று வாயில் வருகிற சொல்லைச் சொல்லியிருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். துரைக்கு முன்னால் பத்திரிகைச் சொல்லாக இருக்கட்டும் என்று அவர் நினைத்தார். அந்தச் சொல்லை நான் ஜெயிலாக்கினேன். வீட்டுக்கு வருகிற வழியில் இன்னொன்றும் பிடிபட்டு நடுத் தெருவில் நின்றுவிட்டேன். பொன்னையா 'அவரை' என்று சொல்லவேயில்லை. தமிழில் யாரை, எதை என்று சொல்லாமலே ஒரு வசனம் முடிந்துவிடும். ஆங்கிலத்துக்கு அது போதாது. ஆகவே நானே ஓர் ஆளை எடுத்துப் போட்டேன். அவர் மறித்தது பெட்டியையாக இருந்தால்? சிறையும் என்னுடையது, சிறைக்குள் போட்ட ஆளும் என்னுடையது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அலுமாரியைத் திறந்து எதையும் எடுக்காமல் மூடினேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதில் கடமை பார்க்கிற துவிபாஷகன் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லி ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தான் என்று ஏட்டில் ஏறும். அதற்குமேல் என் கடதாசி எந்த மேசையிலிருந்தும் அசையாது. சொல்லாவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? யசோதாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கதவு சாத்தியது உண்மைதானே, ஆள் அறைக்குள் இருந்தது உண்மைதானே என்று என்னிடமே வாதாடினேன். நானே வாதி, நானே எதிரி, நானே பிரக்கிராசி. துவிபாஷகன் மட்டும்தான் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் செல்லப்பா வீட்டுக்கு வந்தார். லஞ்சமெல்லாம் இல்லை. ஊரிலிருந்து வந்ததென்று ஒரு ஓலைப் பெட்டியில் பனங்கட்டி கொண்டுவந்தார். காணி விற்பனை கைநழுவிப்போன கதையைச் சொன்னார். தங்கையின் கலியாணம் அதை நம்பித்தான் பேசியிருந்ததாம். கண் கலங்கியது, பொய்யில்லை. போகும்போது, அவன் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னீர்கள் என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கையை நான் பிறகு கழுவினேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

என் மனைவி பத்மாதேவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளிடம் சொன்னேன், ஒன்றும் விடாமல். அவள் பனங்கட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து சொன்னாள்:

"பிழையெண்டா போய்ச் சொல்லுங்கோ. ஆனா பிறகு எங்கயும் மழைக்குள்ள மாத்திப்போட்டாங்கள் எண்டு எனக்கு முன்னால புறுபுறுக்கக் கூடாது."

வியாழக்கிழமை வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதவான் தீர்ப்பை வாசிக்கத் தாளை எடுத்தபோது நான் என் இடத்தில் எழுந்து நின்றேன். துவிபாஷகன் தானாகப் பேசுவதில்லை. அவனுக்குச் சொந்தமாக ஒரு வசனமும் கிடையாது. சென்ற தவணையில் ஒரு சொல்லைப் பிழையாக மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பளீல் உடனே எழுந்தார். இவர் கட்சிக்காரர் இல்லை, சாட்சி இல்லை, பிரக்கிராசியும் இல்லை. எந்த உரிமையில் பேசுகிறார் என்றார். நீதவானும் அதையே என்னிடம் கேட்டார்: நீர் எந்த ஸ்தானத்தில் நின்று பேசுகிறீர்? நல்ல கேள்வி. காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூண்டிலே நின்றவரிடம் கேட்ட அதே கேள்விதான். ஸ்தானம் எதுவும் இல்லை, பிழை என்னுடையது, அதனால் பேசுகிறேன் என்றேன்.

நீதவான் தீர்ப்புத் தாளைக் கீழே வைத்தார். பிறகு பொன்னையாவைத் திரும்பவும் கூண்டில் ஏற்றச் சொன்னார். கேள்வியைத் தானே கேட்பதாகவும், பதிலைச் சொல்லுக்குச் சொல் நான் சொல்லவேண்டும் என்றும், தமிழ் தெரிந்த பளீல் அதைக் கேட்டுப் பிழை இருந்தால் சொல்லவேண்டும் என்றும் உத்தரவு. கேட்டில் நீ எதை மறித்தாய் என்பது கேள்வி. முதல் நாள் முழுக்க நான் பொன்னையாவை நீ என்றுதான் அழைத்திருந்தேன். இந்த முறை வாயில் அது வரவில்லை.

"கேட்டில் நீங்கள் எதை மறித்தீர்கள்?"

"பெட்டியத்தாங்க. ஆளை மறிக்க நான் யாருங்க? நானென்ன பொலிஸா? பெட்டிய வச்சிட்டு நீங்க போங்கன்னுதான் சொன்னேன்."

அறையைப் பற்றிக் கேட்டார்கள். மழை பெய்ததால் பெட்டியை அங்கே வைத்தாராம். செல்லப்பா பெட்டியை விட்டு அசையாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாராம். சாரலுக்குக் கதவைச் சாத்தினாராம். தாழ்ப்பாள் உள்பக்கத்தில்தான் இருந்தது. நீதவான் செல்லப்பாவைக் கூப்பிட்டு, கதவு பூட்டியிருந்ததா என்றார். செல்லப்பா நேர்மையான மனிதர். மூடியிருந்தது, இழுத்துப் பார்க்கவில்லை என்றார். பளீல் என் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் சொல்லவில்லை.

வாச்சருக்குச் சாமானை நிறுத்த உரிமை உண்டு, அவர் நிறுத்தியது சாமானை, ஆள் தன் இஷ்டத்தில் இருந்திருக்கிறார் என்று நீதவான் பொன்னையாவை விடுதலை செய்தார். பொன்னையா நான் தமிழில் சொல்லும்வரை காத்திருந்து, சொன்னபிறகும் நகராமல் நின்றார். இனிப் போகலாம் என்று நான் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. என்னைப் பார்த்து நீதவான் சொன்னது இரண்டே வசனம்: நீர் செய்தது சரி. ஆனால் இதை நான் மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டும்.

விறாந்தையில் பளீல் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்தச் சொல் தனக்கு முதல் நாளே விளங்கிவிட்டதாம். தன் கட்சிக்காரருக்கு எதிராகத் தான் வாய் திறக்க ஏலுமா என்று கேட்டார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

செல்லப்பா சத்தம் போடவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார்.

"போகலாம் எண்டு சொன்னவனாம். என்ர உறுதி அதுக்குள்ள கிடக்க, நான் எங்க போறது?"

சாமான் வேறு, ஆள் வேறு, சட்டம் அப்படித்தான் என்று நான் பதில் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சரியானதைச் செய்துவிட்டவனுடைய பெருமை. கால் ஆடுவதும் நின்றது.

இரண்டு மாதத்தில் கடதாசி வந்தது. நிரந்தரமில்லை, நாவலப்பிட்டிக்கு மாற்றம், அங்கேயும் பதில் கடமை. நாவலப்பிட்டி மழையைப் பற்றி நான் புறுபுறுக்கவில்லை, பத்மாதேவி அருகில் இருந்தபோது. கோர்ட்டு வாசலில் முதலியார் என்று கூப்பிட்டவர்களை மட்டும் திருத்தத் தொடங்கினேன். பொன்னையாவும் ஸ்டேஷனில் ராளஹாமி என்று கூப்பிடவிடுவதில்லையாம். அவர் முன்னையைவிடக் கண்டிப்பாகிவிட்டார் என்றும், சீட்டு இல்லாமல் ஒரு முருங்கைக்காய்க் கட்டுக்கூடக் கேட்டைத் தாண்ட முடியாது என்றும் போர்ட்டர்மார் சொல்லிச் சிரித்தார்கள்.

மனைவியை இரண்டு நாள் முன்னதாக அவள் தமையனோடு அனுப்பிவிட்டேன். என் இரண்டு தகரப் பெட்டிகளை முதல் நாள் மாலையே சாமான் ரயிலில் போக அதே ஸ்டேஷன் கொட்டகையில் கொடுத்தேன். மறுநாள் ஒன்பது மணி ரயிலில் கண்டிக்குப் போய், அங்கே மாறி, இரண்டு மணிக்குள் நாவலப்பிட்டிக் கோர்ட்டில் நான் ஆஜராகவேண்டும். எட்டரை மணிக்கு ஸ்டேஷனில் சட்டைப் பையைத் தடவியபோதுதான் தெரிந்தது: மாற்றக் கடிதமும் என் அத்தாட்சிப் பத்திரங்களும் கறுப்புப் பெட்டிக்குள். பெட்டிகளின் பூட்டுத் திறப்புகளும் பத்மாதேவியோடு போய்விட்டன. கடிதம் இல்லாமல் போனால் நான் யார் என்று கேட்பார்கள். ஏற்கெனவே கறுப்புக் குறி விழுந்தவன் நான்.

கொட்டகைக்கு ஓடினேன். கொடுத்த பெட்டியைத் திரும்ப வெளியே எடுக்கச் சீட்டு எழுதித் தரவேண்டிய சாமான் கிளாக்கர் சாப்பிடப் போயிருந்தார், சீட்டுப் புத்தகத்தைப் பூட்டிவிட்டு. என் பெட்டி கண்ணுக்கு முன்னால் கிடந்தது, மூடியில் என் பெயர் வெள்ளைப் பெயின்றில். தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன்.

பொன்னையா என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து கைகூப்பினார். வீட்டில் எல்லோரும் சுகம் என்றார். யசோதா என்னைக் கும்பிடச் சொன்னதாகச் சொன்னார். பிறகு பெட்டியைப் பார்த்தார். சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டின் குறுக்கே நின்றார். நான் என் பெயரைக் காட்டினேன், கடிதத்தைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். கடைசியில் வெட்கத்தை விட்டு அந்த வியாழக்கிழமையையும் சொன்னேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கால் விலகவில்லை.

"ஐயாவுக்குத் தெரியாததாங்க? நீங்க தாராளமா போகலாம்ங்க. பெட்டி நிக்கட்டும்."

ரயில் வந்தது. இரண்டு நிமிடம் நின்றது. என்னை யாரும் பிடிக்கவில்லை. கேட்டில் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் இருந்தது, பொன்னையா எனக்காகவே ஒதுங்கி அந்த இடத்தைக் காட்டினார். என் கை பெட்டியின் பிடியை விடவில்லை. கார்ட் பச்சைக் கொடியை அசைத்தார். கடைசிப் பெட்டி வளைவில் திரும்பி மறையும்வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மழை பிடித்தது. பொன்னையா என் பெட்டியைத் தூக்கிப்போய் விளக்கு அறையில் வைத்தார். நான் அதன்மேல் உட்கார்ந்தேன். சாரல் அடித்தது, என் சட்டை நனையக்கூடாதென்று அவர் கதவை மெல்லச் சாத்தினார். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. எழுந்து இழுத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. மண்ணெண்ணெய் வாசத்துக்குள் இருந்துகொண்டு செல்லப்பாவை நினைத்தேன், அவர் தங்கையின் கலியாணத்தை நினைத்தேன், நான் கழுவின கையைப் பார்த்தேன். சாமான் வேறு, ஆள் வேறு என்று அவருக்குச் சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாவலப்பிட்டியில் இரண்டு மணிக்கு என் கதிரை காலியாக இருக்கும்.

கிளாக்கர் வந்து சீட்டு எழுதிக் கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பொன்னையா சீட்டை வாங்கி, இலக்கத்தைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து, கேட்டை அகலத் திறந்தார்.

"இப்ப போகலாம்ங்க" என்றார்.

"எது? பெட்டியா, நானா?" என்றேன். கோபத்தில்தான் கேட்டேன்.

அவர் என் முகத்தையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. யோசித்து, உண்மையான பதிலையே சொன்னார்.

"ரெண்டுந்தாங்க."